ஆள் விட்டுச் சொல்லாதீங்க

"அவன்கிட்ட நீங்களே கொஞ்சம் பக்குவமா சொல்லி வைங்கண்ணே."

கடலூர் சிப்காட், எல்லை தாண்டினால் புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, எங்கே போனாலும் ஷிப்ட் இன்சார்ஜ்கள் வாயில் இந்த வாக்கியம் புழங்கும். ஒருத்தர் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறார். இல்லையென்றால் இரண்டு ஆபரேட்டர்கள் முகம் கொடுத்துப் பேசி மாதமாகிறது. இன்சார்ஜுக்கு எல்லாம் தெரியும். கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கத்தான் சங்கடம். அந்த ஆளுக்கு ஊர்க்காரராகவோ, ஒரே பஸ்ஸில் வருபவராகவோ ஒரு அண்ணன் இருப்பார். விஷயத்தை அவர் தலையில் கட்டிவிட்டால் நிம்மதி.

அந்த அண்ணன் டீக்கடை வாசலில் அதைச் சொல்லும்போது இப்படி ஆகியிருக்கும்: "சார் உம்மேல செம கடுப்புல இருக்காரு, பாத்து நடந்துக்கோ." நீங்கள் சொல்ல வந்தது 6 மணி ஷிப்டுக்கு 6.20-க்கு வருவதைப் பற்றி. போய்ச் சேர்ந்தது உங்கள் கடுப்பு. தாமதம் என்ற பேச்சே வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

இதில் நஷ்டம் மூன்று. அந்த ஆளுக்குப் பதில் சொல்ல இடமில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, பஸ் வழி மாறிவிட்டதா, எதுவும் உங்களுக்குத் திரும்பி வராது. இரண்டாவது, தன் விஷயம் ஷெட் முழுக்கத் தெரிந்துவிட்டது என்ற அவமானம் அவருக்கு. மூன்றாவது கடைசியில்தான் உறைக்கும்: ஆறு மாதம் கழித்து மெமோ கொடுக்கும்போது "ஏற்கெனவே எச்சரித்தோம்" என்று எழுத முடியாது. நீங்கள் எச்சரிக்கவே இல்லையே.

ஆகவே நேரில் பேசத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் அல்ல. முதல் தடவை நடந்ததற்கு, அந்த இடத்திலேயே ஒரே வாக்கியம் போதும். மாதத்துக்குள் அதே விஷயம் இரண்டாவது தடவை வந்தால் தனியாக உட்கார வேண்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதாவது பெர்மிட் இல்லாமல் டேங்குக்குள் இறங்குவது, இன்டர்லாக்கை (ஆபத்து வந்தால் மிஷினைத் தானாக நிறுத்தும் ஏற்பாட்டை) பைபாஸ் செய்வது மாதிரி என்றால் முதல் தடவையே.

எப்போது கூப்பிடுவது

மூன்று ஷிப்ட் ஓடும் இடங்களில் பெரும்பாலும் 6, 2, 10 என்று ஆள் மாறும்; இரவு 10-க்குத் தொடங்குவது சி ஷிப்ட். மதியம் 1.40-க்கு ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர் காது உங்களிடம் இருக்கும், மனசு 2.10-க்குக் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் இருக்கும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி போகிறவருக்கு அந்த பஸ்ஸை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாறி வீடு சேர ஒன்றரை மணி நேரம் கூடுதலாகும். நீங்கள் எது சொன்னாலும் "சரி சார்" என்றுவிட்டு ஓடுவார். நைட் ஷிப்ட் முடித்தவரைக் காலை 6 மணிக்குப் பிடிப்பது அதைவிட மோசம். தூக்கம் கெட்டவரிடம் நியாயம் பேசினால் சண்டையில்தான் முடியும்.

ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, ஒப்படைப்பெல்லாம் முடிந்து, முதல் ரவுண்டும் போய் வந்த பிறகு, டீக்கு முன்னால். இதுதான் நல்ல நேரம். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். ஞாயிறு முழுக்க அவர் வீட்டில் அதையே மென்றுகொண்டிருப்பார், திங்கள்கிழமை வருகிறவர் வேறு ஆளாக இருப்பார். நடந்த அன்றே பேசினால் சூடு. ஒரு வாரம் தள்ளினால் "அன்னைக்கே ஏன் கேக்கல?" என்ற கேள்வி நியாயமாகவே வரும். ஒன்றிலிருந்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது சரி.

குடித்துவிட்டு வந்தவரிடம் அன்று பேசவே கூடாது. எல்லைக்குப் புதுச்சேரிப் பக்கம் சரக்கு மலிவு என்பதால் இந்த ஊர் இன்சார்ஜ்களுக்கு இது அரிதான விஷயம் இல்லை. வாடை அடித்தால் முதலில் மிஷினிலிருந்து விலக்குங்கள். நேரம், பார்த்தது, பக்கத்தில் இருந்த இரண்டு பேர் பெயர், இதை எழுதி வையுங்கள். வாய்ப்பிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். "வீட்டுக்குப் போ" என்று விரட்டிவிட்டால் அவர் டூ வீலரை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் போவார். அப்புறம் நடப்பதற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். துணைக்கு ஆள் போட்டு அனுப்புங்கள். பேச்செல்லாம் மறுநாள்.

அரைத் தாள்

பேசப் போகும் முன் அரைத் தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, தேதியோடும் நேரத்தோடும். அதனால் என்ன ஆனது. இனி எப்படி நடக்க வேண்டும். நாலாவது வரிதான் பலரும் விடுவது: எனக்கு இதில் தெரியாதது என்ன.

எழுதியதைத் திரும்பப் படித்து, ஷிப்ட் பதிவேடான லாக் புக்கில் எழுத முடியாத வார்த்தையை எல்லாம் அடித்துவிடுங்கள். "பம்ப் 2, 11.40-க்கு நின்றது, 12.25-க்கு ஓடியது" என்று லாக் புக்கில் எழுதலாம். "ஆபரேட்டருக்குத் திமிர்" என்று எழுத முடியாது. திமிர், அலட்சியம், பொறுப்பில்லை, மெத்தனம் எல்லாம் அடிபடும். அடித்த பிறகு தாளில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் உங்களிடம் இருப்பது எரிச்சல் மட்டும். அன்று கூப்பிட வேண்டாம்.

இடம்: நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கேபின் வேண்டாம், ஷெட்டே வேடிக்கை பார்க்கும். கேன்டீனும் வேண்டாம். ஸ்டோர் ரூமை ஒட்டிய அறை, டிரெயினிங் ரூம் மாதிரி ஏதாவது. பெண் ஊழியர் என்றால் கதவைத் திறந்து வைத்து, ஆட்கள் கண்ணில் படுகிற, பேச்சு காதில் விழாத இடம். இரண்டு பேருக்கும் நாற்காலி வேண்டும். நிற்க வைத்துக் கேட்டால் அது விசாரணை. நேரம் 20 நிமிடம், மிஞ்சிப்போனால் 25.

முதல் நிமிடம்

டீ சொல்லி, பொண்ணு எந்த ஸ்கூல், வீடு கட்டினது முடிந்ததா என்று பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "அப்புறம் ஒரு விஷயம்..." என்று இழுப்பது நம் ஊர் வழக்கம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். இரண்டு முறை இப்படிச் செய்து பாருங்கள், மூன்றாவது முறை நீங்கள் நிஜமாகவே டீ குடிக்கக் கூப்பிட்டாலும் அந்த ஆள் வயிறு கலங்கும். குடும்ப விசாரிப்பை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் முதல் நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக இப்படி: "இந்த மாசம் 3, 9, 14, மூணு நாளும் 6.20-க்கு மேலதான் பஞ்ச் ஆயிருக்கு. சி ஷிப்ட் ஆளு அதுவரைக்கும் பேனல்லயே நின்னுருக்காரு. ஏன் ஆவுதுன்னு உங்களையே கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன்."

மூன்று வாக்கியம். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது எளிதாகத் தெரியும், செய்துபார்த்தால் தெரியும் பாடு. ஐந்து விநாடி அமைதி வந்தாலே இன்சார்ஜுக்குப் பதற்றமாகி "இல்ல, நான் தப்பா சொல்லல, நீங்க நல்ல ஒர்க்கர்தான்..." என்று தானே விஷயத்தைக் கரைத்துவிடுவார். பத்து வரை மனசுக்குள் எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டுக்குள் அவர் பேசிவிடுவார்.

இதில் நஞ்சு மாதிரி ஒரு வாக்கியம் உண்டு: "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, மேல இருந்து கேக்கறாங்க." சொல்லும்போது இதமாக இருக்கும். ஆனால் அந்த நிமிடமே நீங்களும் ஒரு தூதுவர் ஆகிவிட்டீர்கள். டீக்கடை அண்ணன் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். அடுத்த முறை அவர் உங்களைத் தாண்டி மேலேயே போவார். ஏன் போகக் கூடாது? கேட்டது அவர்கள்தானே.

நீ, நீங்க, அண்ணே

இதைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. ஆங்கிலத்தில் தயாரித்த பாடத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. தமிழில் வாயைத் திறந்தாலே நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும்.

வழக்கமாக "தம்பி, வா, போ" என்று கூப்பிடுகிறவரை அன்று மட்டும் "உட்காருங்க, நீங்க என்ன பண்றீங்கன்னா..." என்று தொடங்கினால் அவருக்கு அது மரியாதையாகத் தெரியாது, கத்தி தீட்டுகிற சத்தமாகத் தெரியும். நேர்மாறாக, எப்போதும் "நீங்க" என்பவரிடம் கோபத்தில் ஒரே ஒரு "நீ" வந்துவிட்டால், நீங்கள் சொன்ன 20 நிமிடமும் போய் அந்த ஒரு எழுத்துதான் மிஞ்சும். வெளியே போய் "என்னைய நீன்னு பேசிட்டாரு" என்றுதான் சொல்வார், நீங்கள் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்பதை அவரே மறந்திருப்பார். தினமும் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அன்றும் அப்படியே. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவராக இருந்தால் எல்லோரையும் "நீங்க" என்று முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள். சிலரை நீ, சிலரை நீங்க என்று பிரித்தால், அந்தப் பிரிவு எதை வைத்து வந்தது என்று ஆட்கள் கணக்குப் போடுவார்கள். வயதை வைத்தா, சாதியை வைத்தா, கான்ட்ராக்ட் ஆள் என்பதாலா? பல நேரம் அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கும்.

26 வயது இன்ஜினியர், 52 வயது ஆபரேட்டர் என்பது இங்கே சகஜம். சின்னவர் "அண்ணே" என்பதில் தவறில்லை. ஆனால் அண்ணே என்ற சொல்லுக்கு ஒரு இழுப்பு உண்டு; அதைச் சொன்னதும் குரல் தானாகத் தணிந்து, "கோச்சிக்காதீங்கண்ணே, சும்மா ஒரு வார்த்தை..." என்று வந்துவிடும். விஷயம் சும்மா ஆகிவிடும். அண்ணே என்று ஒரு முறை தொடக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தை எண்ணோடும் தேதியோடும் சொல்லுங்கள். எண்கள் குழைய மாட்டா. வயதில் மூத்தவருக்குச் செய்கிற உண்மையான மரியாதை, சின்னவர்கள் யாரும் பார்க்காத இடத்தில் சொல்வதுதான்.

திரும்பி வருகிற பதில்கள்

"நான் மட்டுமா சார் பண்றேன்?" இதற்கு "மத்தவங்களப் பத்தி உனக்கு என்ன?" என்று எகிறுகிறவர்களே அதிகம். அவர் கேட்பது பாதி நியாயம். "மத்தவங்கள நான் தனியா கேக்கறேன், அவங்ககிட்ட பேசும்போது உங்க பேச்சு வராது. இப்ப உங்க மூணு நாள்." அவ்வளவுதான். ஆனால் மற்றவர்களை நிஜமாகவே கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த முறை இந்தப் பதில் செல்லாது.

"யாரு சொன்னா உங்ககிட்ட?" இந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் வரக் கூடாது. அதற்காகவே நீங்களே பார்த்த, அல்லது பஞ்சிங், லாக் புக், க்யூசி (தரப் பரிசோதனை) ரிப்போர்ட் சொல்கிற விஷயத்தை மட்டும் எடுத்துப் போங்கள். யாரோ காதில் போட்டதை வைத்துக் கூப்பிட்டால் பேச்சு அங்கேயே துப்பறியும் வேலையாக மாறிவிடும்.

"அப்பன்னா நான் பேப்பர் போட்டுடறேன்." கெஞ்ச வேண்டாம், "போடு" என்றும் சொல்ல வேண்டாம். "அது உங்க முடிவு, இன்னைக்கு எடுக்க வேணாம். நான் கூப்பிட்டது 6.20 பத்தி." பேச்சைத் திரும்ப அந்த இடத்துக்கே கொண்டுவாருங்கள். அழுகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து, "அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசலாமா, நாளைக்கா?" என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். குரல் ஏறுகிறவரோடு நீங்களும் ஏறாதீர்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். எழுந்தால் கைகலப்புக்கு ஒரு படி கிட்டே.

கஷ்டமான பதில் இதில் எதுவும் இல்லை. "சரி சார்" என்பதுதான். தலையை ஆட்டி, "சரி சார், இனிமே ஆவாது சார்" என்று ஒருவர் இரண்டே நிமிடத்தில் ஒத்துக்கொண்டால் இன்சார்ஜுக்கு மகிழ்ச்சி. அந்த சரிக்குப் பொருள் "என்னை விடு". பன்னிரண்டாம் நாள் மறுபடியும் 6.25. ஆகவே சரி என்றதும் எழுந்துவிடாமல் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு 5.55-க்கு உள்ள வரணும்னா எதை மாத்தணும்?" இப்போதுதான் உண்மை வெளியே வரும். பஸ் வருவதே 6.10-க்கு. அல்லது காலை 5 மணிக்குப் பிள்ளையை மாமியார் வீட்டில் விட வேண்டியிருக்கிறது. அல்லது சி ஷிப்ட் ஆளோடு பேச்சில்லை, அவர் கிளம்பிய பிறகு வரலாம் என்று கேட்டுக்கு வெளியேயே நிற்கிறார். மூன்றுக்கும் மருந்து வேறு. பஸ்ஸுக்கு ஆளைத் திட்டிப் பயனில்லை, வழித்தடத்தைப் பார்க்கிறவரிடம் போக வேண்டும்.

கோபத்தில் "சம்பளத்துல பிடிச்சுடுவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அபராதம் என்று பிடிப்பதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது, அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதம். அதற்கும் முன்பே விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நடக்க முடியாத மிரட்டல் என்று ஆட்களுக்குத் தெரிந்துவிட்டால், நடக்கக்கூடிய எச்சரிக்கைக்கும் மதிப்பில்லை.

இரண்டு பேர் சண்டை

இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு நடுவில் உட்கார்ந்து "சொல்லுங்க, என்ன பிரச்சினை" என்று ஆரம்பித்தால் அது பஞ்சாயத்து. முதலில் பேசுகிறவர் வாதி, இரண்டாமவர் பிரதிவாதி. கடைசியில் கையைக் கொடுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்துக் குரூப்பில் போடுகிற அளவுக்குப் போனவர்களும் உண்டு. முதலில் தனித்தனியாக, ஆளுக்கு 20 நிமிடம், இருவரிடமும் அதே மூன்று கேள்விகள்: எது நடந்தது, எப்போதிலிருந்து, வேலையில் எது மாறினால் உங்களுக்குப் போதும். கடைசிக் கேள்வியில் "வேலையில்" என்ற சொல்லை விடாதீர்கள். விட்டால் "அவனை வேற ஷிப்டுக்கு மாத்துங்க" என்றுதான் பதில் வரும்.

கெமிக்கல் யூனிட்டில் ஆபரேட்டர் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் பலவும் ஷிப்ட் ஒப்படைப்பில் போய் முட்டும். எடுத்துக்காட்டுக்கு ஸ்க்ரப்பர், அதாவது வெளியேறும் அமில வாயுவைக் காரக் கரைசலால் கழுவும் கருவி. கரைசலின் பிஎச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் பழைய கரைசலை இறக்கிவிட்டுப் புது காஸ்டிக் (காரம்) போட வேண்டும். கையுறை, முகக்கவசம், ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு செய்கிற, யாருக்கும் பிடிக்காத வேலை. ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது பிஎச் விளிம்புக்கு வந்தால், "அடுத்தவன் பாத்துக்கட்டும்" என்று விட்டுவிடுவது மனித இயல்பு. அடுத்தவர் வந்ததும் அதுதான் முதல் வேலை. ஒரு மாதம் இப்படி நடந்தால் பேச்சு நிற்கும். பேச்சு நின்றால் எந்த வால்வு திறந்திருக்கிறது, எந்த பம்ப் ஸ்டாண்ட்பையில் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் கிளம்பத் தொடங்குவார்கள். சண்டை என்ற நிலையிலிருந்து விபத்து என்ற நிலைக்கு வர அது போதும்.

இங்கே இருவருக்கும் அறிவுரை சொல்லிப் பயனில்லை. எந்த எண்ணுக்குக் கீழே போனால் யார் போடுவது என்று ஒரு வரி விதி வேண்டும்: ஷிப்ட் முடிய ஒரு மணி நேரத்துக்கு முன் பார்க்கிற ரீடிங்கில் குறைவாக இருந்தால் இருக்கிறவர் போட வேண்டும், அதற்குப் பின் இறங்கினால் வருகிறவர். ஒப்படைப்புத் தாளில் டேங்க் மட்டம், ஓடும் பம்ப், ஸ்டாண்ட்பை பம்ப், மூடாத பெர்மிட், பைபாஸில் இருக்கும் அலாரம், பாதியில் நிற்கும் வேலை, இவ்வளவும் இருக்க வேண்டும். இருவரும் பேனல் முன்னால் நின்று படித்துக் கையெழுத்துப் போட 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடத்துக்குக் கம்பெனி சம்பளம் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் யாரும் முன்னதாக வர மாட்டார்கள், வர வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமையில்லை. அந்தச் சண்டைக்குக் காரணம் நிர்வாகம். ஆபரேட்டர்களைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு மேலே பேச வேண்டியது நீங்கள்.

விதி தயாரான பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். பழசைக் கிளற அல்ல, அந்தத் தாளைத் திருத்த. ஆளுக்கு ஒரு பேனா. வேலையைப் பற்றி ஒரே தாளில் குனிந்து எழுதும்போது பேச்சு தானாக வரும். அவர்கள் நண்பர்கள் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வால்வைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் போதும்.

விடுமுறைச் சண்டையும் இதே வகை. ஒரே கம்பெனிக்கு எல்லைக்கு இரு பக்கமும் யூனிட் இருந்தால் நவம்பர் 1-ம் ஆகஸ்ட் 16-ம் வருடா வருடம் முணுமுணுப்புதான்: புதுச்சேரிக்கு அரசு விடுமுறை, கடலூருக்கு இல்லை. மாசிமகம், வீராம்பட்டினம் ஆடித் தேர் என்றால் அந்தப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் ஒரே நாளில் லீவு கேட்பார்கள். டிசம்பரிலேயே அடுத்த வருடப் பட்டியலைப் போர்டில் ஒட்டி, போன தேருக்கு லீவு எடுத்தவர் இந்தத் தேருக்கு வேலை என்று முறை வைத்துவிட்டால் பாதி வம்பு குறையும். புதுச்சேரி ஒயிட் டவுன் ஓட்டல்களில் சனி, ஞாயிறுதான் கூட்டம், யாருக்கும் அந்த நாளில் வார விடுப்பு கிடைக்காது; மாதத்தில் ஒரு ஞாயிறாவது சுழற்சியில் கொடுக்காத இடத்தில் கிச்சனுக்கும் சர்வீஸுக்கும் நடக்கிற சண்டை, உண்மையில் தூக்கத்துக்கான சண்டை.

அதே ஓட்டல் கிச்சன்களில், ஷெட்களிலும்தான், வடக்கிலிருந்து வந்த ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் வராது. அரைகுறை இந்தி தெரிந்த சகவேலைக்காரரை வைத்துப் பேசுவோம். அவரே சண்டையில் ஒரு கட்சி என்றால்? மொழிபெயர்ப்பவர் அந்தப் பிரிவைச் சேராதவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். "சம்ஜா?" (புரிஞ்சுதா?) என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

நீங்கள் தீர்க்கக் கூடாதவை

பாலியல் துன்புறுத்தல் புகாரை எந்த மேலாளரும் அறைக்குள் வைத்துப் பேசி முடிக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடத்துக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், விசாரணை 90 நாளுக்குள். சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும், பணம் கொடுத்து முடிப்பது அறவே கூடாது. "குடும்பஸ்தன்மா, பாத்து..." என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையே அவரை அடக்குவதாகும். உங்கள் வேலை குழுவிடம் சேர்ப்பதும், யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பதும்.

சாதியைச் சொல்லித் திட்டியதும் அப்படியே. அது "வார்த்தை கொஞ்சம் தடிச்சுப்போச்சு" என்ற கணக்கில் வராது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். மன்னிப்புக் கேட்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பாதிக்கப்பட்டவர் வெளியே புகார் செய்வதைத் தடுக்காதீர்கள்.

சங்கத்துக்காரர் வந்தால் சில இன்சார்ஜ்களுக்கு முகம் சுருங்கும். 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஊர் புதுச்சேரி. எட்டு மணி நேர வேலை உரிமை இங்கே அந்த நினைவோடுதான் பேசப்படுகிறது. சங்கம் வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விவாதம் அல்ல. தனிப் பேச்சு உங்களுக்கும் அவருக்கும் மட்டும். மெமோ என்ற கட்டம் வந்துவிட்டால் அவர் தன் பக்கம் ஒருவரை அழைத்து வர விரும்பினால் முரண்டு பிடிக்காதீர்கள். 20 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் இரு தரப்பும் சரிபாதி. அப்படி ஒரு குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

பேசிய பிறகு

அன்றே ஐந்து வரி எழுதுங்கள்: தேதி, பேசிய விஷயம், அவர் சொன்ன காரணம், அவர் செய்வதாகச் சொன்னது, நீங்கள் செய்வதாகச் சொன்னது. கடைசி வரி காலியாக இருந்தால் நீங்கள் கேட்க மறந்திருக்கிறீர்கள். ஏழாம் நாள் ஒரு நிமிடம் நின்று விசாரியுங்கள். முப்பதாம் நாள் பஞ்சிங் ரிப்போர்ட்டைப் பார்த்து, சரியாகியிருந்தால் அதையும் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். தப்புக்கு மட்டும் கூப்பிடுகிற இன்சார்ஜை யாருக்கும் பிடிக்காது.

வாட்ஸ்அப் குரூப்பில் "சிலர் நேரத்துக்கு வருவதில்லை" என்று போடுவது மறுபடியும் ஆள் விட்டுச் சொல்வதுதான், இந்த முறை அறுபது பேரை விட்டு. சம்பந்தப்பட்டவர் தன்னைச் சொல்லவில்லை என்று நினைப்பார், சம்பந்தமில்லாத ஐந்து பேர் தங்களைத்தான் என்று நினைப்பார்கள். தனிச் செய்தியாகக் குரல் பதிவு அனுப்பினாலும் அது ஃபார்வர்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

மூன்று முறை பேசியும் மாறவில்லை என்றால் மெமோ, விளக்கக் கடிதம், குற்றச்சாட்டுக் குறிப்பு, விசாரணை என்று முறைப்படி போக வேண்டும். "இது நாம பேசிக்கற கடைசி தடவை, அடுத்தது எழுத்துல வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த மெமோவைத் தமிழில் எழுதுங்கள். ஹெச்ஆர் கணினியில் ஆங்கில மாதிரி ஒன்று தயாராக இருக்கும், பெயரை மட்டும் மாற்றி நீட்டிவிடுவார்கள். வாங்கியவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருக்கிற படித்த பையனிடம் கொடுத்து "என்னா போட்டுருக்கான், படிச்சு சொல்லு தம்பி" என்பார். அவன் படித்துவிட்டு, "உங்களத் தூக்கப் போறாங்க போலண்ணே" என்பான். தமிழில் ஒரு பக்கம், தேதி, நடந்தது, பதில் தர எத்தனை நாள் என்ற கணக்கு, ஆளுக்கொரு நகல், இரண்டிலும் இருவர் கையெழுத்து.